தலையில் அடி இல்லை

மருத்துவமனைக்கு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் என் தலையைத்தான் பார்த்தார்கள். கட்டு இல்லை, தையல் இல்லை. அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வருவதை நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். "தலையில அடி இல்ல. அதுவே பெரிய புண்ணியம்" என்றார் பெரியம்மா. என் தம்பி இன்னும் ஒரு படி மேலே போனான். கீறல்கூட விழாத என் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து, போட்டியில் ஜெயித்த கோப்பைபோல் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். மார்புக்குக் கீழே எனக்கு உடம்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நான் கிடந்த நேரம் அது.

நடந்தது சாதாரண விபத்து. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு மத்தியானம் மோட்டாரில் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சுங்கை வே தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதற்காக முன்னால் போனவர் திடீரென்று பிரேக் போட்டார். அவரைத் தவிர்த்துவிட்டேன். ஓரத்து இரும்புத் தடுப்பைத் தவிர்க்க முடியவில்லை. முதுகு நேராக அதில் போய் மோதியது. பெரிய வலி என்று ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீரில் கிடந்தபடி, என் கால்கள் வேறு யாருடையவையோ போல மடங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். உதவிக்கு ஓடிவந்த மலாய்க்காரர் ஒருவர் என்னை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு பெயர், வீடு, வேலை எல்லாம் கேட்டார். தடுமாறாமல் சொன்னேன். மனைவியின் போன் நம்பரையும் மனப்பாடமாகச் சொன்னேன். புத்தி அவ்வளவு தெளிவாக இருந்தது.

அந்தப் புத்திதான் எனக்குச் சோறு போட்டது. நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சாட்சி தமிழில் சொல்வதை மலாயில் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்வேன், அவர் கேட்பதைத் தமிழில் சாட்சிக்குச் சொல்வேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது இரண்டு மொழி தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை. எனக்கும் வேலைக்குச் சேரும்வரை அப்படித்தான் தோன்றியது. முதல் வாரத்திலேயே சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மலாயில் 'இல்லை' என்பது வினைச்சொல்லுக்கு முன்பே வந்தாக வேண்டும். தமிழில் அது கடைசியில்தான் வரும். பார்த்தானா, பார்க்கவில்லையா என்பது முழு வாக்கியமும் முடிந்த பிறகுதான் தெரியும். அதுவரை நான் வாயைத் திறக்க முடியாது. யார், எங்கே, யாரிடம், எதற்காக என்று எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நம் ஆட்கள் சாட்சிக் கூண்டில் ஏறினால் மூச்சு விடாமல் பேசுவார்கள். ஒரே வாக்கியத்தில் கல்யாணம், சண்டை, லோரி, மாமியார் எல்லாம் வந்துவிடும். ஏறத்தாழ இருபது வருடம் அப்படித் தூக்கி நின்றேன். ஒரு சொல்லைக் கீழே போட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்ன போயிற்று என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால் சொல்கிறேன்.

தண்டுவடம் மார்பு மட்டத்தில் நசுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். கால்கள் திரும்ப வராது என்பதை ஒரு மருத்துவர் மிக மென்மையாகச் சொன்னார். பிறகு பல மாதம் மறுவாழ்வுப் பிரிவில் உட்காரக் கற்றுக்கொண்டேன், பலகையில் சறுக்கிச் சக்கர நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொண்டேன், சிறுநீர்க் குழாயை நானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பள்ளி விட்டதும் நேராக மருத்துவமனைக்கு வருவாள். படுக்கைப் புண் வராமல் புரட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் அவளும் என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்டாள்.

அங்கேதான் முதல் அறிகுறி தெரிந்தது. நாற்காலிக்கு மாறும்முன் பிரேக்கைப் போட வேண்டும், கால் தாங்கியை மடக்க வேண்டும், பிறகு பலகையை வைக்க வேண்டும். பயிற்சி கொடுத்த பெண் இந்த மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் இருப்பது எனக்குக் காணாமல் போய்விடும். அவள் சிரித்துக்கொண்டே திரும்பச் சொல்வாள். "மருந்து மயக்கம் அங்கிள். போகப் போகச் சரியாயிடும்" என்றாள். நானும் நம்பினேன். நரம்பு வலிக்கும் கால் இழுப்புக்கும் மாத்திரை மாத்திரையாகத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று நீதிமன்றத்தில் எனக்காகச் சிமெண்டில் சரிவுப் பாதை கட்டியிருந்தார்கள். வாசலில் வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். கேண்டீனில் குவே பலகாரங்கள் வாங்கி வைத்திருந்தார்கள். என்னைவிட மூத்த மொழிபெயர்ப்பாளரான அக்கா ஒருவர், வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர், கண் கலங்கி, "காலு இல்லன்னா என்னா தம்பி, நம்ம வேல வாயில தானே" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சரிவுப் பாதையில் ஏறி உள்ளே போனபோது, எனக்கும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் தோன்றியது.

முதல் சில வாரம் சின்னச் சின்ன வழக்குகள். சாட்சிகளைச் சிறு சிறு துண்டாகப் பேசச் சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் என்ன நடக்கிறது என்று எனக்கு உள்ளே தெரிந்தது. வாக்கியத்தின் முடிவு வரும்போது அதன் ஆரம்பம் போயிருக்கும். ஆரம்பத்தை இறுக்கிப் பிடித்தால் முடிவு காதில் ஏறாது. சொல் மறக்கவில்லை, மலாய் மறக்கவில்லை, சட்டச் சொற்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்றுதான் தளர்ந்துவிட்டிருந்தது.

பிறகு அந்த வழக்கு வந்தது. மேருவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சண்டை. ஒருவனுக்குக் கத்திக்குத்து. குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நின்றவன் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான். சாட்சி சொல்ல வந்தவர் அந்தக் கேண்டீனில் பாத்திரம் கழுவும் அம்மா. துண்டாகப் பேசுங்கள் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அவர் பயத்தில் கொட்டிவிட்டார்.

"நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேங்க, பின்னால சத்தம் கேட்டுச்சி, திரும்பிப் பாத்தா ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சி உருண்டுக்கிட்டிருந்தாங்க, இந்தப் பையன் கையில கத்தி இருந்துச்சின்னு பக்கத்துல நின்ன பொண்ணு சொல்லிச்சே தவிர நான் என் கண்ணால பாக்கலங்கய்யா."

இன்று எழுத முடிகிறது. காரணம், இதை அக்கா பிறகு எனக்கு எழுதிக் காட்டினார். அன்று என் கையில் நின்றவை பையன், கை, கத்தி. சத்தம் கேட்டுத் திரும்பினேன், இருவரும் கட்டிப்பிடித்து உருண்டார்கள், இந்தப் பையன் கையில் கத்தி இருந்தது என்று மலாயில் தெளிவாக, நல்ல உச்சரிப்போடு சொல்லி நிறுத்தினேன்.

கூண்டிலிருந்தவனுக்கு மலாய் தெரியும். "அண்ணே!" என்று கத்தினான். "அவங்க அப்படிச் சொல்லலண்ணே! பாக்கலன்னு சொன்னாங்கண்ணே!"

அவன் வழக்கறிஞர் எழுந்தார். அவரும் தமிழர். என் முகத்தைப் பார்க்காமல், மொழிபெயர்ப்பில் பிழை இருப்பதாக மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். மாஜிஸ்திரேட் திரும்பச் சொல்லச் சொன்னார். அந்த அம்மா மறுபடியும் அதே மாதிரி மூச்சு விடாமல் சொன்னார். எனக்கு இந்த முறை ஒன்றுமே நிற்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து அக்காவை அழைத்துவந்தார்கள். அவர் ஒரே தடவை கேட்டுவிட்டு முழுவதையும் சரியாகச் சொன்னார். அந்தப் பையனுக்கு என்னால் கெடுதல் எதுவும் வரவில்லை. நீதிமன்றப் பதிவில் திருத்திவிட்டார்கள். ஆனால் அவன் 'அண்ணே' என்று கத்திய குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. என் நாக்கை நம்பித்தானே அவன் அங்கே நின்றான்.

அலுவலகம் என்னை மருத்துவரிடம் அனுப்பியது. அவர் என்ன கிழமை, என்ன மாதம், எந்த நாடு என்று கேட்டார். மூன்று பொருளின் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். கோப்பைப் புரட்டிப் பார்த்து, "தலையில் அடி இல்லை, ஸ்கேனும் சுத்தமாக இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில்.

"டாக்டர், என்னால நீளமா ஒண்ணக் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடியல" என்றேன்.

"பெரிய அதிர்ச்சியிலிருந்து வந்திருக்கிறீர்கள். மனச்சோர்வு இருக்கும். அது கவனத்தைக் குறைக்கும்" என்றார். ஒரு மாத்திரையைக் கூட்டினார். மூளை இயல்பாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து என் பிரச்சினைக்கு எல்லாரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. அலுவலகத்துக்கு மனச்சோர்வு. அக்காவுக்குக் கண் திருஷ்டி. என் தம்பிக்குத் தைரியக் குறைவு. அவன் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்புவான். கால் இல்லாதவர் மலை ஏறுவார், கை இல்லாதவர் நீந்துவார். "பாத்தியாண்ணே? எல்லாம் மனசுதான் லா" என்று கீழே எழுதியிருப்பான். மலை ஏறுகிறவரிடம் ஒரு நீளமான வாக்கியத்தைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல் என்று ஒருநாள் பதில் எழுதினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று நானே கேட்டேன். மறுவாழ்வுப் பிரிவில் சம்மதித்து மெதுவாகக் குறைத்தார்கள். உணர்ச்சியே இல்லாத கால்களில் நெருப்பு வைத்ததுபோல் வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மயக்கம் போயிற்று. கண் தெளிவானது. வாக்கியம் மட்டும் முன்போலவே நழுவியது. தோற்றுப்போய் மறுபடியும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டேன்.

வீட்டில் நடந்ததுதான் இதைவிடக் கசப்பு. என் மனைவிக்குப் பந்திங் பக்கத்தில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போகும் வாய்ப்பு வந்தது. அவள் வெகுகாலம் எதிர்பார்த்திருந்தது. பள்ளியிலிருந்து வந்து உடை மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாளாம். போய்வர நேரம் ஆகும், மத்தியானத்துக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டாளாம். நான் அவள் கையைப் பிடித்து, "கண்டிப்பா போ" என்றேனாம். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து அவள் போனில் தோழியிடம் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு நான் கொதித்துப்போனேன்.

"எந்த ஸ்கூலு? யார கேட்டு முடிவு பண்ணுன?"

அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களத்தான் கேட்டேன். நீங்கதான் போன்னு சொன்னீங்க."

"எங்கிட்ட நீ ஒரு வார்த்த பேசல."

"கையப் புடிச்சிச் சொன்னீங்க. இந்த எடத்துலதான்."

"பொய் சொல்லாத."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். வழக்கம்போல் எனக்குச் சாப்பாடு போட்டாள், என்னைப் புரட்டிப் படுக்க வைத்தாள், மாத்திரை கொடுத்தாள். பல வாரம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. நானும் அந்தப் பள்ளியைப் பற்றி மறந்துபோனேன். வேண்டுமென்றே மறந்தேன் என்று யாராவது நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த சோதனைக்குக் கோலாலம்பூர் போனபோது மறுவாழ்வுப் பிரிவில் புது மருத்துவர் இருந்தார். தமிழ்ப் பெண், சிறு வயது. வழக்கமாகப் புண், சிறுநீர், ரத்த அழுத்தம் பற்றித்தான் கேட்பார்கள். இவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "ஞாபகம், கவனமெல்லாம் எப்படி இருக்கு அங்கிள்?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதை எங்களிடம் தானாகக் கேட்டதில்லை. நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "அதத்தான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காரு" என்றாள். அவள் குரலில் இருந்தது எனக்கான பரிவா, என் மேல் இருந்த சலிப்பா என்று தெரியவில்லை.

ஒரு முழுக் காலை என்னை உட்கார வைத்துச் சோதித்தார்கள். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள், சொற்களை வரிசையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரு சின்னக் கதையைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஒரு பெண் கைப்பையைத் தொலைத்துப் போலீசுக்குப் போவதுபோல ஏதோ கதை. வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலையே அதுதான். என்னால் அந்தப் பெண்ணையும் பையையும் தவிர வேறு எதையும் சொல்ல முடியவில்லை. சோதனை செய்தவர் எதையும் காட்டிக்கொள்ளாமல் எழுதிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியதை மறைக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "அங்கிள், இது உங்க கற்பனை இல்ல. கேட்டத மனசுல நிறுத்தி வைக்கிற தெறம நெசமாவே கொறஞ்சிருக்கு."

"தலையில அடி இல்லையே டாக்டர்" என்றாள் என் மனைவி.

"அடி முதுகுலதான். ஆனா தண்டுவடமும் மூளையும் தனித்தனி இல்ல ஆன்டி, ஒரே தொடர்ச்சி. அடிபட்ட எடத்துல உடம்பு ஒரு சண்டைய ஆரம்பிக்கும். உள்வீக்கம்னு வெச்சிக்கோங்க. காயத்த ஆத்தறதுக்குத்தான் அது. சில பேருக்கு அது அடங்கறதே இல்ல. மேல மூளை வரைக்கும் போயிடும். மூளையில காவலுக்குன்னே சில செல்லுங்க இருக்கு. அதுங்க முழிச்சிக்கிட்டு மறுபடி அடங்கலன்னா, ஞாபகத்துக்கு வேல செய்யற எடத்தையே தொந்தரவு பண்ணும்."

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னாங்களே" என்றேன்.

"சாதாரண ஸ்கேன்ல இது தெரியாது." அவர் கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். எலிங்கள்ல இத நல்லா பாத்திருக்காங்க. முதுகுல மட்டும் அடிபட்ட எலிங்க, பழகின வழிய மறந்துடுது. மனுஷங்கள்ல, தண்டுவடத்துல அடிபட்டவங்களுக்கு இந்த மாதிரிப் பிரச்சின அதிகமா வருதுன்னு தெரியும். காரணம் இந்த வீக்கம் மட்டும்தானான்னு இன்னும் தெரியாது. ரத்த அழுத்தம் ஏறி எறங்கறது, தூக்கத்துல மூச்சு தடப்படறது, மருந்து, மனச்சோர்வு, எல்லாமே சேரும். உங்களுக்கு எது எவ்ளோன்னு என்னால பிரிச்சிச் சொல்ல முடியாது."

"மருந்து?"

"இதுக்குன்னு இப்ப இல்ல அங்கிள். தூக்கத்தச் சோதிக்கலாம். கிருமித் தொத்து வந்தா ஒடனே பாக்கணும். கைக்கு உடற்பயிற்சி குடுக்கலாம். மோசமாகாம பாத்துக்கலாம்."

மூன்று வருடமாக மனிதர்கள் யாரும் என்னை நம்பவில்லை. எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் வழி தெரியாமல் நின்ற எலியைப் பார்த்து, இதற்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று ஒருவர் நம்பியிருக்கிறார். அந்த எலிக்குத் தைரியம் போதவில்லை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடலாம் என்று என் மனைவி காரை நிறுத்தினாள். நடைபாதை முழுக்க மோட்டார் நிறுத்தியிருந்தார்கள். கடை வாசலில் இரண்டு படி. கடைக்காரர் வந்து, "அண்ணே, வெளியவே மேசை போட்டுத் தரேன்" என்றார். பூக்கடைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டார்கள். வாழையிலை வந்தது. அவள் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நீங்க வேணும்னு பண்ணல" என்றாள்.

"வேணும்னு பண்றேன்னு நெனச்சியா?"

"ஆமா." குனிந்தபடியே சொன்னாள். "காலு போன கோவத்த எம்மேல காட்டறீங்கன்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணு நல்லது நடந்தா அத மட்டும் மறக்கறீங்கன்னு நெனச்சேன்."

"அந்தப் பந்திங் ஸ்கூலு எப்பப் போவணும்?" என்று கேட்டேன். சமாதானமாக ஏதாவது பேச வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பொய்யின்னு சொன்ன மறுநாளே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். வேற ஒருத்தங்க போயி சேந்துட்டாங்க."

"ஏன்?"

"எம்பேச்சு ஒங்க மனசுல நிக்காதுன்னா, ஒங்கள எந்த நம்பிக்கையில தனியா வுட்டுட்டு அவ்ளோ தூரம் போறது? அடுப்பு, மாத்திர, குழாயி... எதச் சொல்லிட்டுப் போறது?"

பரிமாறுகிறவர் வந்து ரசம் வேண்டுமா என்று கேட்டார். இருவரும் வேண்டும் என்றோம். அவள் சாப்பிட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னு பண்றீங்கன்னு நெனச்சப்பகூட ஒருநாள் நிறுத்துவீங்கன்னு ஒரு நம்பிக்க இருந்துச்சி" என்றாள்.

சோதனை அறிக்கையை அலுவலகத்தில் கொடுத்தேன். என் உடல்தகுதியைப் பார்க்க ஒரு குழு கூடியது. கால்கள் போனதற்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்கிறது, ஞாபகக் குறைவுக்கும் விபத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று முடிவு செய்தார்கள். காரணம் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மருத்துவர் நேர்மையாக, 'காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தார். அவருடைய நேர்மையே எனக்கு எதிராகப் போயிற்று. என்னைக் கோப்புகள் வாங்கும் முகப்புக்கு மாற்றினார்கள். அதுவும் சரிவுப் பாதைக்குப் பக்கத்திலேயே, வசதியாக இருக்கும் என்றார்கள். வருகிறவர்கள் கோப்பை நீட்டுவார்கள், நான் முத்திரை குத்துவேன். அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் சில சமயம் கேட்கும். சாட்சியின் தமிழ் முடியும், ஒரு நொடி மௌனம் இருக்கும், பிறகு அவர் மலாய் தடங்கலில்லாமல் வரும். அந்த ஒரு நொடி மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தபோது, மருத்துவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அவனுக்கு விளக்கினேன். முறுக்கைக் கடித்தபடி பொறுமையாகக் கேட்டான். முடித்ததும், "எலிக்குத்தானேண்ணே?" என்றான். "நீ மனுஷன் லா. மனச வுட்றாத." அவன் நல்லவன். காரிலிருந்து என்னைத் தூக்கி இறக்குவதற்கு இன்றுவரை அவன்தான் ஓடிவருவான். ஆனால் அன்றோடு யாருக்கும் விளக்குவதை நிறுத்திக்கொண்டேன்.

என் மனைவி மறுபடியும் தலைமையாசிரியர் பதவிக்கு மனு போட்டிருக்கிறாள். கிடைக்குமா தெரியாது. அவளைவிட வயதில் குறைந்தவர்கள் பலர் ஆகிவிட்டார்கள். இப்போது முக்கியமான எதையும் அவள் வாயால் சொல்வதில்லை, வாட்ஸ்அப்பில் எழுதிவிடுகிறாள். ஒரே வீட்டில், சமையலறையிலிருந்து கூடத்துக்கு எழுதுகிறாள். படித்துவிட்டு 'சரி' என்று போடுகிறேன். சண்டை குறைந்திருக்கிறது. பேச்சும் குறைந்திருக்கிறது.

நான் வீட்டில் எழுத்து மொழிபெயர்ப்பு செய்கிறேன். உயில், பிறப்புப் பத்திரம், ஒப்பந்தம். தாளில் இருக்கும் வாக்கியம் எங்கும் ஓடிப்போவதில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆரம்பத்துக்குப் போய்வரலாம். முன்பு ஒரு மூச்சில் சொன்னதை இப்போது அரைநாள் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கட்டுரையும் அப்படி எழுதியதுதான். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன் என்று என் மனைவி ஒன்றை அடித்துக் கொடுத்தாள்.

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலின் தலைவர் வீட்டுக்கு வந்தார். திருவிழாவுக்கு மலாய்ப் பிரமுகர் ஒருவர் வருகிறாராம். அவர் பேச்சை மேடையில் தமிழில் சொல்ல வேண்டும்.

"ஒங்கள வுட்டா யாரு இருக்கா அண்ணே? சும்மா பத்து நிமிசம்."

மூளை, வீக்கம், தண்டுவடம் என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். அவர் கண்கள் என் நெற்றிக்குப் போவதைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"தொண்டையில கொஞ்சம் கோளாறு. பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

உடனே நம்பினார். ஐயையோ என்று பதறினார். தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். மறுநாள் ஆள் மூலம் ஒரு போத்தல் தேன் கொடுத்தனுப்பினார்.